இரட்டைச் சுழல் பிறந்த கதை

2006-இல் ராய் டெய்லர் ஒரு வரைபடத்தில் மாட்டிக்கொண்டார். இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நீரிழிவு ஆராய்ச்சி செய்துவந்த மருத்துவர் அவர். பருமனைக் குறைக்க இரைப்பையிலும் குடலிலும் அறுவை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று கையில் இருந்தது. அறுவைக்குப் பின் அவர்களுடைய வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் காட்டிய கோடு முதல் வாரத்துக்குள்ளேயே இயல்பு அளவுக்கு இறங்கி நின்றது. ஒரு வாரத்தில் எடை அப்படியொன்றும் குறைந்துவிடாது. மேசையில் ஏறியபோது பருமனாக இருந்தவர் ஏழாம் நாளும் பருமனாகத்தான் இருப்பார். சர்க்கரை மட்டும் போயிருந்தது.

அறுவை செய்தால் சர்க்கரை போகும் என்பது அன்று புதுச் செய்தி இல்லை. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் வால்டர் போரீஸ் என்ற அறுவை மருத்துவர் 1995-லேயே 14 ஆண்டுக் கணக்கை வெளியிட்டிருந்தார். அவரும் குழுவினரும் இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு மாற்றி இணைத்த 608 பேரில் 146 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர்களில் 121 பேருக்கு அளவுகள் இயல்புக்குத் திரும்பின. கட்டுரையின் தலைப்பிலேயே வியப்பைக் கொட்டிவிட்டார் போரீஸ். வியப்பு இருந்த அளவுக்கு விளக்கம் இல்லை. உணவு போகும் வழி மாறியதால் குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் மாறின, குறிப்பாக ஜிஎல்பி-1 எகிறியது, அதுதான் சர்க்கரையை இறக்கியது என்பது பெரும்பாலான அறுவை மருத்துவர்களின் கட்சி. கவர்ச்சியான விளக்கம்தான். கத்திக்கும் அதில் கொஞ்சம் பெருமை சேர்கிறது.

டெய்லர் கேட்ட கேள்வி இதைவிடச் சாதாரணமானது. அந்த ஒரு வாரம் நோயாளி என்ன சாப்பிட்டார்? ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அறுவைக்கு முன்பு பட்டினி, பின்பு சொட்டு நீர், அதன்பின் சில மிடறு நீராகாரம். எந்த வார்டு நர்ஸைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். குடலில் நடந்த மாற்றத்தை எல்லோரும் உற்றுப் பார்த்ததில், தட்டு காலியாக இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் காலித் தட்டின் வேலையைப் பாரிஸ் நகரம் முன்பே பார்த்திருக்கிறது. 1870-இல் பிரஷ்யப் படைகள் அந்த நகரை முற்றுகையிட்டபோது உணவுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. அப்போது தன் நோயாளிகள் சிலருடைய சிறுநீரில் சர்க்கரை காணாமல் போனதை அப்போலினேர் பூஷார்தா என்ற மருத்துவர் குறித்துவைத்தார். குறைவாகச் சாப்பிடுங்கள் என்பதுதான் அவருடைய சிகிச்சை. இன்சுலின் 1921-இல் வந்த பிறகு இந்த மாதிரிப் பழைய பாடங்கள் அலமாரிக்குப் போய்விட்டன. ஊசி கையில் இருக்கும்போது முற்றுகையை யார் நினைப்பார்கள்?

பூஷார்தாவிடம் இல்லாத ஒரு வசதி டெய்லரிடம் இருந்தது. 1990-களில் அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஜெரால்ட் ஷுல்மன் குழுவோடு சேர்ந்து, உயிருள்ள மனிதரின் கல்லீரலுக்குள் என்ன சேர்கிறது, என்ன கரைகிறது என்பதைக் காந்த அதிர்வுக் கருவியால் அளந்தவர். ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டாம். ஆளைக் கருவிக்குள் படுக்கவைத்தால் போதும். சாப்பிட்ட சோறு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு கல்லீரலில் தங்குகிறது என்று கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு, ஏழு நாள் கோட்டைப் பார்த்ததும் முதலில் குடல் நினைவுக்கு வராமல் கல்லீரல் வந்ததில் வியப்பில்லை.

கல்லீரல் சர்க்கரை செய்யும் உறுப்பு என்பது மருத்துவம் படிக்காத நம்மில் பலருக்குத் தெரியாது. அதைக் கண்டவர் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர். 1855-இல் ஒரு நாயின் கல்லீரலை எடுத்து, அதன் ரத்தக்குழாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி, சர்க்கரையின் சுவடே இல்லாதபடி கழுவினார். கழுவிய கல்லீரலை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் சோதித்தால் மறுபடியும் சர்க்கரை. எங்கிருந்தும் வரவில்லை; கல்லீரலே உண்டாக்கியிருந்தது. கிளைக்கோஜன் என்ற சேமிப்புப் பொருளை அவர் பிரித்தெடுக்க அடுத்த இரண்டு ஆண்டு ஆயிற்று.

“ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலையில சுகர் எப்படி நூத்தி எழுபது?” என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போகிறவர்களுக்கு பெர்னாரின் நாய்தான் பதில். நாம் தூங்கும்போது மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல் விடிய விடிய ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. போதும் நிறுத்து என்று அதற்குச் சொல்வது இன்சுலின். அந்தச் சொல் காதில் விழாத கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையைக் கொட்டும். காலையில் நாம் அளப்பது இரவு உணவை அல்ல, பெரும்பாலும் கல்லீரலின் இரவு வேலையைத்தான்.

கல்லீரல் ஏன் செவிடாகிறது? சாப்பாட்டில் மிஞ்சும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்க உடலில் இடம் குறைவு. கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு, தசைகளில் 400 கிராம் அளவுக்கு. பத்தாயம் நிறைந்த பிறகும் அறுவடை வந்துகொண்டே இருந்தால் நெல்லை வேறு எங்காவது கொட்டித்தானே ஆகவேண்டும்? மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. தோலுக்கு அடியில் இடம் இருக்கும்வரை அங்கே அனுப்பிவைக்கும். அங்கும் இடம் இல்லாதபோது தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினின் சொல்லை மதிப்பதில்லை.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இன்சுலின் கல்லீரலுக்கு இரண்டு உத்தரவு போடும்: சர்க்கரை செய்வதை நிறுத்து, கொழுப்பு செய். கொழுப்பேறிய கல்லீரல் முதல் உத்தரவைத்தான் கேட்பதில்லை. இரண்டாவதை மட்டும் சிரமேற்கொண்டு செய்கிறது. சர்க்கரை கூடுவதால் கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கூடுவதால் கல்லீரலில் கொழுப்பு இன்னும் கூடுகிறது. ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற லண்டன் மருத்துவர் 1936-லேயே, இன்சுலினுக்கு உடனே கட்டுப்படும் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள், கட்டுப்படாதவர்களும் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டியிருந்தார். ரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960-இல் கொண்டுவந்தபோது, நடுவயதில் வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் இல்லாமல் போவதில்லை, பலரிடம் அது தாராளமாகவே இருக்கிறது என்பது தெரிந்தது. சொல்பவர் இருக்கிறார், கேட்பவர் இல்லை. அந்தச் செவிட்டுத்தனத்தின் முக்கியமான இடம் கல்லீரல் என்று சேர்த்துப் பார்க்கத்தான் இவ்வளவு காலம்.

காலம் ஆனதற்கு ஒரு காரணம் சாராயம். கொழுப்பேறி வீங்கிய கல்லீரலைப் பார்த்தால் மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வி குடிப்பழக்கம் பற்றியது. இல்லை என்றால் நம்பமாட்டார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோய்க்கூறு நிபுணர் 1980-இல் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களின் கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசலாகக் குடிகாரரின் கல்லீரல். ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் இல்லை. பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் பருமனானவர்கள், பலருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. இதுவரை பெயரில்லாத நோய் என்று சொல்லி, லுட்விக் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். குடிக்காத எத்தனை பேர், அதிலும் எத்தனை பெண்கள், அதற்கு முன்பு மருத்துவர் முன்னால் கூனிக்குறுகி உட்கார்ந்து, சத்தியம் செய்தும் பொய்யர் பட்டம் வாங்கினார்களோ! பருமன், கல்லீரல், சர்க்கரை மூன்றும் அந்த 20 பேரிடம் ஒரே இடத்தில் நின்றன. ஆனால் கல்லீரல் ஒரு துறை, சர்க்கரை வேறு துறை. இரண்டுக்கும் தனித்தனி மாநாடு, தனித்தனி ஆய்விதழ். சர்க்கரையால் கல்லீரல் கெடுகிறது என்று பொதுவாகப் பேசிக்கொண்டார்கள். கல்லீரல்தான் சர்க்கரையைக் கொண்டுவருகிறதோ என்று திருப்பிக் கேட்டவர்கள் குறைவு.

டெய்லர் 2008-இல் டயபெட்டாலஜியா இதழில் தன் கருத்தை வெளியிட்டார். நோய் எப்படி வந்தது என்று தேடுவதற்கு, அது எப்படிப் போனது என்ற பாதையில் பின்னோக்கி நடந்தார். இரண்டு சுழல்கள் என்றார். முதலாவது, மேலே சொன்ன கல்லீரல் சுழல். அது பல ஆண்டுகள் சத்தமில்லாமல் ஓடும். சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கல்லீரல் தன் கொழுப்பைத் துகள்களாக்கி ரத்தத்தில் அனுப்பும்போது இரண்டாவது சுழல் தொடங்குகிறது. அந்தக் கொழுப்பு கணையத்திலும் படிந்து, அங்கே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை மந்தமாக்குகிறது. சாப்பிட்டவுடன் சட்டென்று சுரக்கவேண்டிய இன்சுலின் தாமதமாகிறது. சர்க்கரை மேலும் ஏறுகிறது. கல்லீரல் மேலும் கொழுக்கிறது. இரண்டு சுழலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் சிவப்பாகிறது.

இந்தக் கருத்தில் எனக்குப் பிடித்தது, அது தோற்றுப்போகத் தயாராக இருந்தது. குடல் ஹார்மோன் தேவையில்லை, கொழுப்பு இறங்கினால் போதும் என்றால், கத்தியே படாமல் உணவை மட்டும் குறைத்தாலும் சர்க்கரை ஒரு வாரத்தில் இயல்புக்கு வரவேண்டும். கல்லீரல் முதலில் மாறவேண்டும், கணையம் பின்னால் மெதுவாக வரவேண்டும். வராவிட்டால் கருத்து காலி.

டயபெட்டிஸ் யுகே என்ற அமைப்பு பணம் கொடுத்தது. நோய் வந்து நான்கு ஆண்டுக்குள் இருந்த 11 பேர் எட்டு வாரச் சோதனையை முடித்தார்கள். நாளுக்கு 600 கலோரி. தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடி, கூடவே மாவில்லாத காய்கறி. மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. ஏழாம் நாள் அவர்களின் சராசரி வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 166-இலிருந்து 106-க்கு இறங்கியிருந்தது. கல்லீரல் கொழுப்பு அந்த ஒரு வாரத்திலேயே 30 சதவீதம் கரைந்தது. தொடக்கத்தில் 12.8 சதவீதமாக இருந்த கல்லீரல் கொழுப்பு எட்டாவது வாரம் 2.9 ஆனது. கணையக் கொழுப்பு 8 சதவீதத்திலிருந்து 6.2-க்கு இறங்கியது, அதோடு சேர்ந்து இன்சுலின் சுரப்பும் படிப்படியாக மீண்டது. சராசரியாகக் குறைந்த எடை 15 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வரைபடத்தில் பார்த்த அதே கோடு, கத்தி இல்லாமல்.

2011 ஜூனில் முடிவு வெளியானதும் ஊடகங்கள் பிடித்துக்கொண்டன. சர்க்கரை நோயாளிகள் டெய்லருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பலர் வீட்டிலேயே செய்துபார்த்து முடிவையும் எழுதினார்கள். மருத்துவர்கள் நியாயமாகவே தயங்கினார்கள். 11 பேரை வைத்து உலகத்தை மாற்ற முடியாது. பிறகு 2013-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இன்னொரு சோதனை. அறுவைக்குப் பின் கொடுக்கும் அதே உணவை, அதே நோயாளிகளுக்கு, அறுவை செய்யாமல் ஒருமுறையும் செய்து ஒருமுறையும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் சில நாள் சர்க்கரை இறக்கத்தில் வெறும் உணவுக் குறைப்பு கத்தியைவிடப் பின்தங்கவில்லை.

கணையத்திலிருந்து வெளியேற வேண்டிய கொழுப்பு எவ்வளவு என்று டெய்லர் குழு பின்னால் கணக்கிட்டது. சுமார் 0.6 கிராம். அந்தத் துளியைக் கரைக்க உடல் முழுவதும் 15 கிலோ இறங்கவேண்டியிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் குறிவைத்துக் கரைக்க வழியில்லை.

அடுத்தது பெரிய சோதனை. கிளாஸ்கோவின் மைக் லீனும் டெய்லரும் சேர்ந்து நடத்திய டைரக்ட் ஆய்வு, ஸ்காட்லாந்திலும் நியூகாசிலைச் சுற்றிய டைன்சைடிலும் சாதாரணக் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில் நடந்தது. மொத்தம் 298 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் பொடி உணவு. 2017 டிசம்பரில் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஓராண்டில் உணவுக் குழுவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை, நோய் எல்லைக்குக் கீழே இருந்தது. மற்றக் குழுவில் 4 சதவீதம். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம்.

இங்கேதான் நம் ஊர் விளம்பரப் பலகைகள் உள்ளே நுழைகின்றன. சர்க்கரையை வேரோடு அறுப்போம், 48 நாளில் விடுதலை என்று எழுதிவைப்பவர்கள் டைரக்ட் ஆய்வின் முதலாண்டு எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாம் ஆண்டு 46 என்பது 36 ஆனது. தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 85 பேரில் ஐந்தாம் ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 11 பேர். எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. ஆகவே மருத்துவர்கள் குணம் என்று சொல்லாமல் தணிவு என்கிறார்கள்: மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது கடந்த பிறகும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது 2021-இல் வகுத்த வரையறை. நோய் வந்து எவ்வளவு காலம் என்பதும் கணக்கில் வருகிறது. 2016-இல் வெளியான டெய்லரின் இன்னொரு ஆய்வில் பலன் கண்டவர்களுக்கு நோய் வந்து சராசரி நான்கு ஆண்டுக்குள். பலன் காணாதவர்களுக்குப் பத்து ஆண்டை ஒட்டி. நெடுநாள் மந்தமான பீட்டா செல்கள் எல்லாம் எழுந்திருப்பதில்லை.

டைரக்ட் ஆய்வில் சேர உடல் நிறைக் குறியீடு 27-க்குக் குறையக் கூடாது. சென்னையிலோ மதுரையிலோ சர்க்கரை மருத்துவர் வாசலில் காத்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நிற்க முடியும்? தொப்பை மட்டும் எட்டிப்பார்க்கும் ஒல்லிகள் நாம். 2004-இல் லான்செட்டில் ஒரு படம் வந்தது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. புணே அருகே கிராமங்களில் பிறக்கும் குழந்தைகளே எடை குறைவாக, தசை குறைவாக, கொழுப்பை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பிறக்கின்றன என்று யாஜ்னிக்கின் குழு காட்டியிருக்கிறது.

ஒல்லியானவருக்கும் ஏன் வருகிறது என்ற கேள்வி டெய்லரின் கருத்துக்கு வைத்த சோதனையும்கூட. 2015-இல் அவரும் நீரிழிவு ஆய்வாளர் ரூரி ஹோல்மனும் சொன்ன பதில்: தோலடியில் பத்திரமாக வைத்துக்கொள்ளக்கூடிய கொழுப்புக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை உண்டு, 120 கிலோவில் ஒருவருக்கு அது நிறையாமல் இருக்கும், 62 கிலோவில் இன்னொருவருக்கு வழிந்துவிடும். வழிந்தது கல்லீரலுக்குப் போகும். 2023-இல் வெளிவந்த சோதனையில், குறியீடு 27-க்குக் கீழே இருந்த 20 சர்க்கரை நோயாளிகளை எடைகுறைக்கச் செய்தார்கள். உடல் எடையில் சராசரி 10 சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்கியதும் 14 பேருக்கு நோய் தணிந்தது.

சென்னையில் 541 பேரை ஸ்கேன் செய்து மருத்துவர் மோகனின் ஆய்வுக் குழு 2009-இல் வெளியிட்ட கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 22.5 சதவீதம் பேருக்குக் கொழுப்புக் கல்லீரல். எல்லைக்கோட்டில் இருந்தவர்களில் 33. நோய் உள்ளவர்களில் 54.5. சர்க்கரை ஏற ஏறக் கல்லீரல் கொழுப்பும் படியேறுகிறது. ஆனால் மாஸ்டர் செக்கப் தாளில் கிரேடு ஒன் ஃபேட்டி லிவர் என்று வந்தால் நம் வீடுகளில் கிடைக்கும் தீர்ப்பு, “அது எல்லாருக்கும் இருக்கறதுதான்” என்பதே. பரவலாக இருக்கிறது என்ற அளவில் அது பொய் இல்லை; அலட்சியம்தான் தவறு. அரசும் தாமதமாகத்தான் விழித்தது. இந்திய அரசு தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரலைச் சேர்த்தது 2021-இல்தான்.

குடல் ஹார்மோன் கட்சி தோற்றுவிட்டதா என்றால், அவர்கள் வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் சுட்டிய ஜிஎல்பி-1-ஐப் போலச் செய்த செமாக்ளூடைடு ஊசி இன்று சர்க்கரைக்கும் பருமனுக்கும் கொடுக்கப்படுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தழும்பு விழத் தொடங்கிய கொழுப்புக் கல்லீரல் நோய்க்கும் அதை அனுமதித்தது. மூன்று நோய்க்கு ஒரே ஊசி. இதில் டெய்லர் தரப்பும் உரிமை கொண்டாட இடமிருக்கிறது. அந்த ஊசி பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களில் இல்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கல்லீரலுக்கு அது செய்யும் நன்மையில் பெரும்பங்கு, பசியை அடக்கி ஆளைக் குறைவாகச் சாப்பிடவைப்பதால் வருகிறது.